என் முகத்துக்கு மாலை

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. சம்பங்கி மாலை, கண்ணாடி மேல் குங்குமப் பொட்டு, கீழே ஓர் அகல் விளக்கு. படத்தில் இருப்பது என் அண்ணன் காசிமாயன் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் ஆத்தா சொல்லுவாள். பொய். அதில் இருப்பது கருத்தக்கண்ணன் ஆகிய நான். நான் இன்னும் சாகவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, அந்தப் படத்துக்கு அடியில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறேன்.

அண்ணன் செத்தது எழுபத்தேழு ஐப்பசியில். பேரையூருக்குப் பக்கத்தில், மழை பொய்த்தால் கிணறே கதி என்று கிடக்கிற எங்கள் ஊரில் பி.ஏ. பாஸ் பண்ணிய முதல் ஆள் அவன். தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்து நாலு. சனிக்கிழமை சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவன் வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். மனு எழுதித் தரச் சொல்லி ஆளாளுக்கு மறிப்பார்கள். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பான். வீட்டுக்கு வந்ததும் ஆத்தாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவான். ஆத்தா ஒச்சாயிக்கு ஓரெழுத்து தெரியாது. ஆனாலும் சர்க்காரே வீடு தேடி வந்து தன்னிடம் யோசனை கேட்கிறாற்போல் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, பீடி இருந்தால் தூக்கி எறிவான். வேலைக்குத் திரும்பும்போது தன் சட்டையில் ஒன்றை எனக்கு விட்டுவிட்டுப் போவான். நல்லவன். அம்மாதிரி நல்லவனுக்குத் தம்பியாகப் பிறந்தவனுக்குத்தான் அதில் உள்ள கஷ்டம் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்டு பத்து மணிக்கு வரவேண்டிய முறை. கரண்டு வந்ததும் போய் மோட்டாரைப் போடுவது என் வேலை. நான் சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டப் பேரையூர் போனவன், டீக்கடையில் சீட்டாடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். தம்பியைக் காணோம் என்று அண்ணன் போயிருக்கிறான். முதல் நாள் பெய்த மழையில் மோட்டார் ரூம் ஒழுகி, ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்து கிடந்தது. எனக்குத் தெரியும், குச்சியால்தான் தட்டிவிடுவேன். ஆபீஸ் உத்தியோகக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? வெறுங்காலோடு ஈரத்தில் நின்று கையை வைத்திருக்கிறான்.

நான் வந்தபோது வாசலில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். ஆத்தா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தாள். அழவில்லை.

“இது உன் சாவுடா. உனக்கு வந்த சாவ அவன் வாங்கிக்கிட்டான்.”

அதோடு என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே எங்கள் ஆட்கள் இன்னொரு காரியமும் பண்ணினார்கள். கல்யாணம் ஆகாமல், ஆசை அடங்காமல் போன பயல், அவன் பண்டம் ஏதாவது ஒன்று வீட்டில் தங்கினாலும் அதைத் தேடிக்கொண்டு வந்து நிற்பான் என்று ஊர்ப் பெரியவர் சோணை சொன்னார். உடனே எங்களைப் பெற்ற அய்யா வீட்டுக்குள் போய் அண்ணனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சட்டை, வேட்டி, பேனா, கைக்கடிகாரம், சர்ட்டிபிகேட்டு, அவன் எப்போதாவது எடுத்துக்கொண்ட போட்டோக்கள், எல்லாம் அதற்குள். பெட்டியோடு குழிக்குள் வைத்தார்கள். நான் போட்டிருந்தது அவன் கொடுத்த சட்டை என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அதையும் கழற்றி வாங்கி உள்ளே போட்டார்கள். வெற்று உடம்போடு நின்று மூன்று பிடி மண் தள்ளினேன்.

அவன் தேடி வந்துவிடக் கூடாதே என்று பயந்து அப்படிச் செய்தோம். மூன்று மாதம் கழித்து, ஒரு தடவையாவது வரமாட்டானா என்று ஆத்தா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருகிறவனுக்கு வீட்டில் என்ன வைத்திருந்தோம்? ஒரு பொத்தான்கூட இல்லை.

என்னோடு அவள் பேசாமல் இருந்தாள் என்று சொன்னால் பாதிதான் சரி. பேச வேண்டியதை அய்யாவிடம் சொல்லுவாள். அய்யா இல்லாவிட்டால் எருமையிடம் சொல்லுவாள். “தின்னுபுட்டு வட்டிலக் கழுவி வைக்கச் சொல்லு” என்று எருமையிடம் சொல்லிவிட்டு உள்ளே போவாள். எங்கள் வீட்டு எருமைக்கு என்னைப் பற்றித் தெரியாத விஷயம் கிடையாது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, பத்து நாளில் சரியாகிவிடும், பொங்கலுக்குச் சரியாகிவிடும் என்று நாள் குறித்துக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லி ஒரு வசவாவது வைய மாட்டாளா என்று, வேண்டுமென்றே பானையை உடைத்துக்கூடப் பார்த்தேன். குனிந்து ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

வருச திதி நெருங்கியபோது, கும்பிடப் படம் வேண்டும் என்றாள். அய்யா ஆபீசுக்குப் போய்க் கேட்டார். அங்கே யாரிடமும் இல்லை என்றார்கள். கல்லூரியில் ஒரு குரூப் போட்டோ கிடைத்தது. கடைசி வரிசையில் கடுகு அளவு தலை. காளவாசலில் ஸ்டுடியோ வைத்திருந்த ஞானமுத்து அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார். புகைக்கு நடுவில் இரண்டு ஓட்டை தெரிந்தது. “இதுவா எம்புள்ள?” என்று ஆத்தா ஸ்டுடியோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞானமுத்து இரக்கப்பட்ட மனுசன். அந்த இரக்கம்தான் என் தலையில் விடிந்தது. மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, தம்பி சாடையாத்தான இருக்காரு? இவர உக்கார வச்சு எடுப்போம். நாடியில மச்சம், மீசை, தலைவகிடு எல்லாம் நான் பென்சில்ல சரி பண்ணிக்கிருவேன்.” சொல்லிவிட்டு அவரே தயங்கினார். “ஆனா ஒண்ணு. உசுரோட இருக்க பிள்ள படத்துக்கு மாலை போடப் போறீக. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குல்ல?”

“இவனுக்கு ஒண்ணும் வராதுய்யா” என்றாள் ஆத்தா. “வர்றதா இருந்தா அப்பவே வந்திருக்கணும்.”

வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிடுகிற ஸ்டுடியோ கோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அதை எனக்கு மாட்டினார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போது ஆத்தா எழுந்து கிட்டத்தில் வந்தாள். எச்சில் தொட்டு என் முடியை இடப்பக்கம் வகிடெடுத்தாள். காலரை இழுத்துவிட்டாள். முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒரு வருசம் ஆகியிருந்தது, அவள் கை என் மேல் பட்டு.

“சாரு, கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க. அவன் சிரிச்ச மொகம்” என்று ஞானமுத்துவிடம் சொன்னாள்.

சிரித்தேன். யாரும் சொல்லித் தரத் தேவையில்லாமல் சிரித்தேன். ஆத்தா தொட்டுவிட்டாள், இனிமேல் பேசிவிடுவாள் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அய்யாவைப் பார்த்து, “அந்த வகிட்டக் கலைக்கச் சொல்லு” என்றாள்.

படம் வந்தது. மச்சம் வைத்த, மீசை வைத்த நான். ஊர்ச்சனம் வந்து பார்த்து வாயில் அடித்துக்கொண்டு அழுதது. “அந்தச் சிரிப்பப் பாரேன், உசுரோட நிக்கிற மாதிரி இருக்கே!” என்றார்கள். நிற்கத்தான் செய்தேன், அவர்களுக்குப் பின்னால், சாம்பிராணிச் சட்டியை ஏந்திக்கொண்டு.

அன்றிலிருந்து ஆத்தாவுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் படத்திடம் போவாள். எருமை கன்று போட்டது, அய்யாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, மழைக்கு மேகம் கூடியிருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். கெண்டை மீன் குழம்பு வைத்தால் முதல் துண்டு படத்துக்கு. எனக்கு வால். அவள் கொஞ்சுகிற கண் என் கண். பொட்டு வைக்கிற நெற்றி என் நெற்றி. என் முகத்தின் மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அது என் கழுத்துக்கு மேலே இருக்கிறபோதுதான் ஆகவில்லை. சில சமயம் அண்ணன் மேலே எரிச்சல் வரும். செத்தும் நீயே வாங்கித் தின்கிறாயேடா என்று மனசுக்குள் வைவேன். அடுத்த நிமிசம் அழுகை வரும். அவன் மேல் எனக்கும் உயிர்தான், கேட்கத்தான் ஆளில்லை.

எண்பதில் எனக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் கிடந்தேன். கஞ்சி காய்ச்சி அய்யா கையில் கொடுத்தனுப்புவாள். குறை சொல்ல முடியாது, சூடாகவே அனுப்புவாள். பதினாலாம் நாளோ என்னவோ, கண்ணை மூடிக் கிடந்தபோது அவள் படத்திடம் பேசுவது காதில் விழுந்தது.

“ஒத்தையில கெடக்கியேய்யா. தொணைக்கு வேணுமின்னா இவனக் கூப்பிட்டுக்கய்யா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

அண்ணன் கூப்பிடவில்லை. சொன்னேனே, நல்லவன்.

எண்பத்து மூன்று தையில் எனக்குப் பெண் பேசினார்கள். உசிலம்பட்டிப் பக்கம், அழகம்மாள் என்று பெயர். சந்தையில் ஒரு தடவை அவளைத் தூரத்தில் பார்த்திருந்தேன். கருப்பட்டி விற்கிறவனிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அந்த வாய் எனக்குப் பிடித்துப்போனது. நம் வீட்டுக்கு இப்படி ஒருத்தி வந்தால் நாளெல்லாம் நம்மோடு சண்டையாவது போடுவாளே என்று ஆசைப்பட்டேன். அவள் தாயும் இரண்டு பெண்களும் வீடு பார்க்க வந்தார்கள். காப்பியைக் கையில் வாங்கிய அந்தம்மா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

“மூத்தவன் படம். ரெண்டும் ஒரே அச்சு” என்றார் அய்யா, அவசர அவசரமாக.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஏறுவதற்குள் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆள் வந்தது. “உசுரோட இருக்கவனுக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்துற வீட்டுல பொண்ணக் குடுத்துட்டு, அவ தாலிக்கு நாங்க எங்க போய்ப் பதில் சொல்ல? படத்த எறக்குங்க. மாசி பொறந்ததும் பேசி முடிப்போம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அய்யா ஆத்தாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவள் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணனுடைய நிஜமான படம் ஒன்று கிடைத்துவிட்டால்? அதை மாட்டிவிட்டு என்னை இறக்கிவிடலாம். அண்ணனுக்கு அவன் முகம், எனக்கு என் முகம். அப்புறம் ஆத்தாவால் என்னைப் பார்த்துப் பேச முடியாமலா போய்விடும்?

மறுநாளே தல்லாகுளத்துக்குப் போனேன். அண்ணன் காலத்து ஆட்களில் இன்னாசிமுத்து என்பவர் ஒருவர்தான் மிச்சம். அண்ணன் செத்த சமயத்தில் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தவர், போன வருசம்தான் திரும்பி வந்திருக்கிறார். காசிமாயன் தம்பி என்று சொன்னதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இம்புட்டு நாளா எங்கப்பா போனீங்க? வைகை அணைக்குப் போனப்ப நான் எடுத்த படம் வீட்ல இருக்கு. அத எடுத்துப் பாக்காத மாசம் கெடையாதுப்பா.”

வீட்டுக்குக் கூட்டிப்போய் பைபிளுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார். பார்த்தேன். அண்ணன்! வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு பக்கத் தோளைச் சாய்த்து, உதட்டை இறுக்கி நிற்கிறான். அதையும் மீறி எட்டிப் பார்க்கிற லேசான முன்பல். எனக்கு அந்தப் பல்லே மறந்துபோயிருந்தது. நாலு வருசமாக என் மூஞ்சியையே கும்பிட்டுக் கும்பிட்டு, அவன் முகத்தை நானும் தொலைத்திருக்கிறேன். இன்னாசிமுத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். குழியில் மண் தள்ளியபோதுகூட அப்படி அழவில்லை.

ஞானமுத்து பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். “தம்பி, உங்களுக்கும் அவருக்கும் அம்புட்டு ஒண்ணும் ஒத்துமை இல்லையே” என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. நாலு வருசத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. என்ன செய்ய?

படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் ஆத்தாவின் முன்னால் வைத்துப் பிரித்தேன். அய்யா பார்த்தவுடன், “ஏ, என் ராசா” என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஆத்தா படத்தைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பெருவிரலால் அந்த முன்பல்லைத் தடவினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரியாமல் இருக்குமா, பெற்றவளுக்கு? அவள் விரல் அங்கேயே நிற்பதைப் பார்த்து, முடிந்தது, நம் கஷ்டம் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“இவன் செத்தவன்யா” என்று அய்யாவிடம் சொன்னாள். “மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்தோமே, அவன். இவன் மொகமே வாடிக் கெடக்கு. இவன எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாந்தான்?” படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். “எம்புள்ள அந்தா சிரிச்சிக்கிட்டு இருக்கான்.”

“அது நான் ஆத்தா!” என்று கத்தினேன். “அங்க சிரிக்கிறது நான்! நீ தொட்டேன்னு சிரிச்சேன்!”

அவள் எருமைக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள்.

எனக்குள் என்னவோ அறுந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். மாலையைப் பிய்த்து எறிந்தேன். படத்தை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அப்போதுதான் ஆத்தா அந்தக் குரலை எடுத்தாள். ஐந்து வருசத்துக்கு முன்னால், அந்தக் கட்டிலைத் தூக்கியபோது எடுத்த அதே குரல். நடு முற்றத்தில் விழுந்து, தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துத் தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்காமலே சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும்தான் அதில் ஒருத்தி, “ஏத்தா, யாருக்கு என்னாச்சு?” என்று கேட்டாள்.

ஆத்தா கையை நீட்டி என்னைக் காட்டினாள். “எம்புள்ளைய ரெண்டாந்தடவையும் கொன்னுட்டான் இந்தப் பாவி!”

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் படத்தை நானே மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். சந்தையில் ஆடு திருடி அகப்பட்டவனைப் பார்க்கிறமாதிரி பார்த்தார்கள். “பெத்த வயிறுடா, உனக்கு என்ன தெரியும்?” என்றாள் ஒருத்தி. “கல்யாண ஆசை கண்ண மறைக்குது” என்றாள் இன்னொருத்தி. அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தில் இருப்பது யார் என்று தெரியும். ஒருத்தியும் சொல்லவில்லை.

அய்யா வந்து என் தோளில் கை வைத்தார். அந்த ஒரு நாளில் பத்து வயது கூடிப்போயிருந்தார். “மாட்டிருய்யா. இவளும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்றார்.

அழகம்மாளை நினைத்தேன். கருப்பட்டிக்காரனிடம் கையை ஆட்டி ஆட்டி அவள் பேசியதை நினைத்தேன். பிறகு முக்காலியில் ஏறினேன். ஆணியில் கயிற்றை மாட்டி, மாலையைப் பொறுக்கித் தரச் சொல்லி வாங்கி, என் கழுத்துக்கு நானே போட்டேன். அழுகைச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கவிழ்ந்து கிடந்த நிஜமான அண்ணனை அய்யா எடுத்துப் போய்த் தவிட்டுப் பானைக்குப் பின்னால் வைத்தார்.

நான் முக்காலியிலிருந்து இறங்கப் போனேன். ஆத்தா முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அண்ணாந்து படத்தைப் பார்த்தாள். அய்யாவையும் கூப்பிடவில்லை, எருமையையும் கூப்பிடவில்லை.

“சாஞ்சிருக்குடா. எடது பக்கம் கொஞ்சம் தூக்கு” என்றாள், என்னிடம்.

ஐந்து வருசம் மூன்று மாதம் கழித்து. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். இருந்தது. இடது பக்கம் தூக்கி, “போதுமா ஆத்தா?” என்று கேட்டேன்.